பிரித்தெடுத்த எண்டோதீலியல் செல்கள் இரண்டாவது பாசேஜில் உருமாறுகின்றன: உதவி தேவை

காலாப்பட்டு மாணவி:
வணக்கம். புதுச்சேரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எச்9 கரு ஸ்டெம் செல்லில் இருந்து இரத்தக்குழாயின் உள்வரி செல்களை, அதாவது எண்டோதீலியல் செல்களை வளர்க்கிறேன். செல்களைத் தட்டில் போட்ட மறுநாளில் இருந்து மூன்று நாள் சிஎச்ஐஆர்99021 என்ற சிறு மூலக்கூறு, கூடவே பிஎம்பி4 என்ற வளர்ச்சிப் புரதம் மில்லிலிட்டருக்கு 25 நானோகிராம். அப்புறம் இரத்தக்குழாயை வளர்க்கும் புரதமான விஇஜிஎஃப் 200 நானோகிராம், ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருள் 2 மைக்ரோமோலார். 6ஆம் நாள் சிடி144ஐ, அதாவது எண்டோதீலியல் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் விஇ-கேட்ஹெரின் புரதத்தைப் பிடிக்கும் காந்த மணிகளால் பிரித்து, ஃபைப்ரோநெக்டின் பூசிய தட்டில் விஇஜிஎஃப் 50 நானோகிராமோடு வளர்க்கிறேன். ஊடகத்தில் 10 சதவீத சீரம் இருக்கிறது.

முதல் பாசேஜ் (செல்களைக் கிளப்பிப் புதுத் தட்டுக்கு மாற்றும் சுற்று) வரை கல் பாவிய தரை போல நெருக்கமாக, அழகாக இருக்கின்றன. இரண்டாவதில் ஓரத்தில் இருந்து நீண்ட, கூர்முனை செல்கள் கிளம்பி ஒரு வாரத்தில் தட்டையே பிடித்துவிடுகின்றன. எண்டோதீலியல் அடையாளப் புரதமான சிடி31 விழுந்துவிடுகிறது. எங்கே பார்ப்பது?

முதுநகர்:
விஇஜிஎஃப் எப்படி வந்தது? சென்னையில் இருந்து ஈசிஆர் வழியாக மே மாத வெயிலில் வரும் பெட்டியில் டிரை ஐஸ் தீர்ந்திருந்தால் அங்கேயே வீரியம் குறைந்திருக்கலாம். சிறு குழாய்களில் பிரித்து, பிஎஸ்ஏ என்ற காப்புப் புரதம் சேர்த்து உறைய வைத்தீர்களா? உருக்கி உருக்கி உறைய வைத்தால் வீரியம் போய்விடும்.

காலாப்பட்டு மாணவி:
சின்னச் சின்னக் குழாய்களில்தான் இருக்கிறது, பிஎஸ்ஏ உண்டு. அதே குழாயைத் தொப்புள்கொடிச் சிரையில் இருந்து எடுத்த எண்டோதீலியல் செல்களுக்கும் கொடுத்தேன். அவை நன்றாகவே வளர்கின்றன.

முதுநகர்:
சரி, அப்போது விஇஜிஎஃப் மேல் சந்தேகம் வேண்டாம். மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாத் தொற்று இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

லாஸ்பேட்டை அக்கா:
தங்கச்சி, இதற்கு இரண்டு விளக்கம் உண்டு, மருந்தும் வேறு வேறு. எது என்று தெரியாமல் கையை வைத்தால் காசும் நாளும்தான் போகும்.

ஒன்று, பிரிக்கும்போதே வேறு செல்கள் கூடவே வந்திருக்கலாம். நீங்கள் 4ஆம் நாள் கையில் வைத்திருக்கும் மீசோடெர்ம் (கருவின் நடு அடுக்கு) செல்களுக்கு விஇஜிஎஃப்பும் ஃபோர்ஸ்கோலினும் கொடுத்தால் எண்டோதீலியம். அதே செல்களுக்கு பிடிஜிஎஃப்-பிபி, ஆக்டிவின் ஏ என்ற வேறு இரண்டு புரதங்களைக் கொடுத்தால் மென்தசை செல்கள். 2015இல் வெளியான முறை இந்த இரண்டு பாதையையுமே காட்டுகிறது. அதனால் மென்தசைப் பக்கம் போகக்கூடிய செல்கள் உங்கள் தட்டில் கொஞ்சம் இருப்பது இயல்பு. அவை எண்டோதீலியத்தைவிட வேகமாகப் பெருகும்.

இன்னொன்று, உங்கள் எண்டோதீலியல் செல்களே அடையாளம் மாறுவது. சீரத்தில் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் இருக்கிறது, அது இவற்றை மீசென்கைம், அதாவது நீண்ட இணைப்புத் திசு வகைச் செல்கள் பக்கம் தள்ளும். எஸ்பி431542 என்ற தடுப்பான் சேர்த்து அந்தப் பாதையை அடைத்தால் கரு ஸ்டெம் செல்லில் இருந்து வந்த எண்டோதீலியம் நன்றாகப் பெருகி, அடையாளமும் நிலைக்கிறது என்று 2010இலேயே காட்டியிருக்கிறார்கள்.

விஇ-கேட்ஹெரினுக்கும் மென்தசை செல்லின் அடையாளமான மென்தசை ஆக்டினுக்கும் ஒரே தட்டில் இரட்டைச் சாயம் போடுங்கள். ஒரே செல்லில் இரண்டும் தெரிந்தால் அடையாள மாற்றம். ஆக்டின் செல்கள் தனித்தனித் திட்டாக, கேட்ஹெரின் சுத்தமாக இல்லாமல் இருந்தால் கூட வந்தவை என்று கொள்ளலாம். முழுதாக மாறி முடிந்த செல்லும் அப்படித்தான் தெரியும் என்பதால் இரண்டாவது பாசேஜின் தொடக்கத்திலேயே பாருங்கள், தட்டு நிரம்பிய பிறகு பார்த்துப் பயனில்லை.

அரியாங்குப்பம்:
அக்கா சொன்னதோடு ஒன்று. ஃப்ளோ சைட்டோமெட்ரியில் செல்லின் அடையாளப் புரதங்களை அளக்கும் முன் செல்களை டிரிப்சின் நொதியால் கிளப்புகிறீர்களா? கால்சியம் இல்லாத டிரிப்சின்-ஈடிடிஏ விஇ-கேட்ஹெரினின் வெளிப்பகுதியை வெட்டிவிடும். செல் நல்லபடி இருந்தாலும் அளவில் விழுந்த மாதிரி தெரியும். அதைவிட மென்மையான அக்யூடேஸ் போடுங்கள், சிக்கனமான நேரத்துக்கு. 6ஆம் நாள் காந்தப் பிரிப்புக்கும் இது பொருந்தும், மணி பிடிக்கப்போவதே அந்த வெளிப்பகுதியைத்தான்.

காலாப்பட்டு மாணவி:
ஆரம்பத்தில் இருந்தே அக்யூடேஸ்தான் அண்ணா. மைக்கோபிளாஸ்மா இல்லை. சாயம் போட்டுப் பார்த்தேன். ஆக்டின் செல்கள் பெரும்பாலும் தனித் திட்டாகத்தான் இருக்கின்றன, கேட்ஹெரின் துளியும் இல்லை. ஆனால் செல் அடர்த்தி குறைந்த ஓரங்களில் சில செல்களில் இரண்டுமே தெரிகிறது! கேட்ஹெரின் கோடு அங்கங்கே அறுந்து, உள்ளே ஆக்டின் இழைகள்.

லாஸ்பேட்டை அக்கா:
அப்படியானால் இரண்டும் நடக்கிறது, ஆனால் பெரிய பங்கு முதல் காரணம். அதிலிருந்து தொடங்குங்கள். பிரித்த செல்களைக் காந்தக் குழாயில் இரண்டாம் முறையும் ஓட்டுங்கள். முதல் பாசேஜ் முடிவில் சிடி31 வைத்து இன்னொரு பிரிப்பு. எண்ணிக்கை குறையும், மனசு கேட்காது, இருந்தாலும் செய்யுங்கள். அதே நாளில் சீரத்தைக் குறைத்து எஸ்பி431542 10 மைக்ரோமோலார் சேர்த்த தட்டு ஒன்று, சேர்க்காத தட்டு ஒன்று. பாசேஜ் செய்யும்போது ஒரு தட்டின் செல்களை மூன்று தட்டுக்கு மேல் பரப்ப வேண்டாம், ஓரத்தில் நீங்கள் பார்த்தது அடர்த்திக் குறைவின் வேலை. முதல் பாசேஜிலேயே பாதியை உறைய வைத்துவிடுங்கள்.

காலாப்பட்டு மாணவி:
நன்றி அக்கா. சிடி31 மணிகள் ஆய்வகத்தில் இருக்கின்றன, அடுத்த தொகுதியில் இப்படியே செய்கிறேன். எஸ்பி சேர்த்த தட்டையும் சேர்க்காததையும் ஒரே நாளில் சாயம் போட்டுப் படத்தோடு இங்கே போடுகிறேன்.