டிவி சமையல் நிகழ்ச்சிகளில் வரும் பண்ணை வாழ்க்கை எவ்வளவு நிஜம்?

ஜன்னலோரம்:

எல்லோருக்கும் வணக்கம். இதைச் சமையல் பகுதியில் போடுவதா, விவசாயப் பகுதியில் போடுவதா என்று தெரியாமல் இங்கே போடுகிறேன். ஒரு மாதமாகத் தூக்கம் வராத இரவுகளில் பழைய சமையல் நிகழ்ச்சிகளாகப் பார்த்துத் தள்ளுகிறேன், அதிலும் பண்ணை வீட்டில் எடுத்தவை மட்டும். அமெரிக்காவின் 'தி பயனியர் உமன்', 'கேர்ள் மீட்ஸ் ஃபார்ம்', பிரிட்டனின் 'ரிவர் காட்டேஜ்', டாஸ்மேனியாவில் எடுத்த 'கூர்மே ஃபார்மர்' என்று வரிசையாக. முதலில் மனசுக்கு நிம்மதியாக இருந்தது, அப்புறம் சந்தேகம் வந்துவிட்டது. காலையில் கோழி, மதியம் தோட்டம், சாயங்காலம் ரொட்டி, ராத்திரி ஊரையே கூப்பிட்டு விருந்து, இவ்வளவுக்கும் நடுவில் தலைமுடி கலையவில்லை. நான் ஒரு வேலையையும் ஒரு குழந்தையையும் வைத்துக்கொண்டு நேற்றைய பாத்திரத்தை இன்று கழுவுகிறவள்.

கேள்வி இதுதான். இவர்கள் நிஜமாகவே இப்படித்தான் வாழ்கிறார்களா, அல்லது எல்லாமே செட்டா? ஷூட்டிங்கில் வேலை செய்தவர்கள், மாடு கோழி வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கூடவே உட்கார்ந்து பார்த்த என் கணவர், வேலையை விட்டுவிட்டு ஐந்து ஏக்கர் வாங்கலாம் என்கிறார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று இருந்தேன். நேற்று மாட்டு விலை விசாரித்திருக்கிறார்.


மூணாம்டேக்:

நான் சில வருடங்கள் ஒரு சமையல் நிகழ்ச்சியில் பின்கட்டு ஆள். கேமராவுக்குத் தெரியாத இன்னொரு சமையலறை இருக்கும், அங்கே காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். எந்தச் சேனல் என்று கேட்காதீர்கள். எங்கே போனாலும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒரு பதார்த்தத்தை மூன்று நான்கு தடவை செய்வோம். பச்சையாக ஒன்று, பாதி வெந்தது ஒன்று, முடிந்தது ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று உபரியாக ஒன்று. அடுப்புக்குள் வைப்பது ஒரு தட்டு, வெளியே வருவது வேறு தட்டு. அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக 22 நிமிஷம் கையில் நிற்கும். மாவு பொங்கவே இரண்டு மணி நேரம் கேட்கும்போது வேறு என்ன செய்ய முடியும்? இதை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ராத்திரி விருந்தை மதியம் மூன்று மணிக்கே எடுப்போம், அதையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். பண்ணை சம்பந்தமான ஒரு எபிசோடுக்குக் கடையில் வாங்கிய முட்டை இரண்டு அட்டை வந்தது. நான் ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கூடையில் அடுக்கினேன். இயக்குநர் வந்து பார்த்தார், ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, கோழி போட்ட மாதிரியே இல்லை என்றார். அப்புறம் எங்கேயோ தேடி ஒரு இறகு கொண்டுவந்து நடுமுட்டையின் மேல் ஒட்டினார்கள். க்ளோஸ்-அப்பில் அந்த இறகு காற்றில் லேசாக ஆடியது, பிரமாதமாக இருந்தது. எனக்கே அந்த முட்டை வேண்டும் போல இருந்தது என்றால் பாருங்களேன்.

நீங்கள் சொன்ன நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். பயனியர் உமன் 2011 ஆகஸ்டில் தொடங்கியது. படப்பிடிப்பு பெரும்பாலும் நடந்தது அதை நடத்தும் ரீ டிரம்மண்டின் குடும்பம் குடியிருந்த வீட்டுச் சமையலறையில் இல்லை, அதே பண்ணையில் இருக்கும் 'லாட்ஜ்' என்ற விருந்தினர் மாளிகையில். அதை அவர்கள் ஒளித்ததும் இல்லை. பேர்ஃபுட் கான்டெஸா நிகழ்ச்சியின் ஐனா கார்ட்டனும் வீட்டுக்குப் பக்கத்தில் களஞ்சியம் மாதிரி ஒரு கட்டடத்தைக் கட்டி அதில்தான் சமைத்துக் காட்டினார். காரணம் ரொம்பச் சாதாரணமானது. விளக்கு, வயர், பத்து இருபது ஆள், காலைக் காப்பி எல்லாம் ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரைக்குள் நுழைந்தால் அந்தக் குடும்பம் எங்கே சாப்பிடும்?

2020-இல் கொரோனாவால் படக்குழு வர முடியாமல் போனபோது டிரம்மண்டின் பிள்ளைகளும் உறவுக்காரப் பையனும் ஐபோனை வைத்துக்கொண்டு எபிசோடுகளை எடுத்தார்கள். ஆட்டம், சிரிப்பு, குறுக்கே பேச்சு என்று எல்லாம் அதில் வரும். எது நிஜம் என்று கேட்டீர்களே, அதையும் பழையதையும் அடுத்தடுத்துப் பாருங்கள், மீதி தானே புரியும்.


கறவைக்காரி:

மூணாம்டேக் சொன்ன இறகுக் கதைக்குச் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் முட்டை எடுத்துவரும்போது இறகை யார் பார்த்தார்கள், எச்சம் ஒட்டாத முட்டை கிடைத்தால் அதுவே அதிசயம். பதினோரு வருடம் மாடும் கோழியும் வைத்திருந்தவள் சொல்கிறேன், டிவியில் பொய் இருக்கும் இடம் அடுப்பு இல்லை, கடிகாரம்.

முட்டையில் இருந்தே தொடங்குகிறேன். அடைவைத்து 21 நாளில் குஞ்சு வரும், பொரித்ததில் ஏறக்குறைய பாதி சேவல். அந்தச் சேவல்கள் என்ன ஆகின்றன என்று எந்தச் சமையல் நிகழ்ச்சியிலாவது காட்டியிருக்கிறார்களா? பெட்டைக் குஞ்சு முதல் முட்டை போட 18, 20 வாரம் ஆகும், அதுவரைக்கும் தீனி நம் கைக்காசு. பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் முட்டை குறையும், இறகு உதிர்க்கும் காலத்தில் சுத்தமாக நின்றே போகும். டிவியில் மட்டும் வருடம் முழுவதும் கூடை நிறைகிறது.

அடுத்தது வெண்ணெய். பொன்நிறக் கட்டியை ரொட்டியில் தடவி மூச்சை இழுத்து விடுவார்கள். ஒரு கிலோ வெண்ணெய்க்கு 20 லிட்டருக்கு மேல் பசும்பால் வேண்டும், ஒரு கிலோ சீஸுக்குச் சுமார் 10 லிட்டர். பால் வேண்டும் என்றால் மாடு கன்று போட வேண்டும், பத்து மாதம் கறந்துவிட்டு இரண்டு மாதம் கறவையை நிறுத்தி வைக்க வேண்டும், பிறந்த கன்றை என்ன செய்வது என்று ஒவ்வொரு வருடமும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். கறவை காலத்தில் காலையும் மாலையும் கறந்தாக வேண்டும், காய்ச்சலோ கல்யாணமோ அது மாட்டுக்குத் தெரியாது. என் சொந்தத் தங்கை கல்யாணத்தில் போட்டோ எடுக்கும் நேரத்துக்கு நான் மண்டபத்தில் இல்லை, கொட்டகையில் இருந்தேன். ஒரு பசுவுக்கு மடிநோய் வந்து நாலு காம்பில் ஒன்று கல் மாதிரி இறுகிவிட்டது, தொட்டாலே உதைக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, திரிதிரியாக வருவதைக் கறந்து கொட்டிக்கொண்டு, விடியும்வரைக்கும் அங்கேயே சாக்கு விரித்துக் கிடந்தேன். பட்டுப்புடவையை மடித்து மேலே பரணில் வைத்துவிட்டுத்தான். மருந்து போட்ட பாலை வேறு சில நாள் கீழே கொட்ட வேண்டும்.

அப்புறம் அந்த அலமாரி நிறைய கண்ணாடி ஜாடிகள். பார்க்க அழகுதான், ஆனால் அழகுக்கு அடுக்கும் விஷயமில்லை அது. புளிப்பில்லாத காய்கறியை ஜாடியில் அடைத்து மாசக்கணக்கில் வைக்க வேண்டும் என்றால் அதற்கென்றே உள்ள அழுத்தப் பாத்திரத்தில் 116 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். வெறும் கொதிநீர் 100 டிகிரியோடு நின்றுவிடும், போட்டுலிசம் என்ற உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்து அதற்குச் சாகாது. நாற்றம், நிறமாற்றம் எதுவும் இல்லாமலே ஆளைக் கொல்லக்கூடிய நஞ்சு அது. பின்னணியில் கிட்டார் வாசித்துக்கொண்டு ஜாடி மூடுவதைக் காட்டி யாரும் ஆசைப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள்.


வரப்போரம்:

கறவைக்காரி அக்கா சொன்னது அத்தனையும் சரி, ஆனால் கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் தானே விளைவித்துத் தானே சாப்பிடுவதுதான் 'நிஜமான' பண்ணை என்று நாம் எடுத்துக்கொண்டோம். உண்மையான விவசாயக் குடும்பம் அப்படி இருப்பது அபூர்வம்.

கேர்ள் மீட்ஸ் ஃபார்ம் பார்த்தீர்களே, அது 2018-இல் வந்தது. அதை நடத்தும் மாலி யே நியூயார்க்கில் இருந்து கணவர் குடும்பத்தின் பண்ணைக்கு வந்தவர், மினசோட்டா, வடக்கு டகோட்டா எல்லைப் பக்கம். அங்கே முக்கிய விளைச்சல் சர்க்கரைப் பீட்ரூட். அக்டோபரில் அறுவடை தொடங்கினால் இரவு பகல் பார்க்காமல் லாரி ஓடும், எல்லாம் சர்க்கரை ஆலைக்குப் போகும். அந்தப் பீட்ரூட் வீட்டுச் சமையலுக்காக விளைவிப்பது இல்லை. ஆக அந்த வீட்டுக்காரர்கள் நம்மை மாதிரி கடைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும், அதுதான் நிஜம். டிரம்மண்ட் பண்ணையும் இறைச்சி மாட்டுப் பண்ணை, கறவை மாட்டுப் பண்ணை இல்லை. அவர் கடைப் பால், கடை வெண்ணெய் வைத்துச் சமைத்தால் அதில் ஒரு பித்தலாட்டமும் இல்லை. அவரை ஏன் திட்டுகிறார்கள் என்றே எனக்குப் புரிவதில்லை, தற்சார்பு என்று அவர் எங்கே சொன்னார்?

எனக்கு உறுத்துவது வேறு. 'பயனியர்' (முன்னோடிக் குடியேறி), 'ஹோம்ஸ்டெட்' (குடியேறி உழும் நிலம்) என்ற வார்த்தைகள். 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தில் ஒரு குடியேறிக்குக் கிடைத்தது 160 ஏக்கர், ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து வீடு கட்டி உழுது காட்ட வேண்டும். அந்த ஏழைக் குடியேறியின் படம்தான் இந்த நிகழ்ச்சிகளுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிகிறது. டிரம்மண்ட் குடும்பம், அதாவது எல்லாப் பங்காளிகளும் சேர்த்து, நிலக் கணக்கெடுப்புப் பட்டியல்களில் 4 லட்சம் ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவர்களாக வந்தவர்கள். காட்டுக் குதிரைகளை மேய்ச்சலில் வைத்துப் பராமரிக்க அமெரிக்க அரசு அவர்களுக்குப் பணமும் கொடுத்திருக்கிறது. அந்தப் பண்ணை இருக்கும் ஓக்லஹோமாவின் ஓசேஜ் கவுண்டி, ஓசேஜ் பழங்குடி மக்கள் தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கிய நிலம். 1906 சட்டம் அதை 2,229 ஓசேஜ் உறுப்பினர்களுக்குத் தலா 657 ஏக்கர் வாக்கில் பிரித்துக் கொடுத்தது, பிறகு அதில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. இதையெல்லாம் ஒரு பை (pie) செய்முறைக்கு நடுவில் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் பெயரை வைத்தவர்கள் எந்தக் கதையை விற்கிறார்கள் என்று நாம் தெரிந்துகொள்ளலாம் அல்லவா?

இது புதுசும் இல்லை. பிரான்ஸ் ராணி மரி அன்ட்வானெத்துக்கு வெர்சாயில் 1783 முதல் ஒரு செயற்கைக் கிராமம் கட்டினார்கள், உண்மையான பசு, உண்மையான உழவன் எல்லாம் உண்டு. அங்கே இரண்டு பால் அறை. ஒன்றில் வேலைக்காரர்கள் பாலைக் கடைந்து வெண்ணெய் எடுப்பார்கள், பளிங்கு பதித்த இன்னொன்றில் ராணி ருசி பார்ப்பாள். மூணாம்டேக் சொன்ன பின்கட்டுச் சமையலறை எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்தியது.


சும்மாவந்தேன்:

ஏங்க, ஒரு சமையல் நிகழ்ச்சிக்கு இவ்வளவா? சினிமாவில் அடிக்கிற அடி நிஜமா என்று கேட்கிறோமா? பார்த்தோமா, பசித்ததா, போய்த் தூங்கினோமா என்று இருங்கள்.


ஜன்னலோரம்:

சும்மாவந்தேன் சார், நீங்கள் மாட்டு விலை விசாரித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுகிறேன் :) மற்றவர்களுக்கு ரொம்ப நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன். ரிவர் காட்டேஜ், கூர்மே ஃபார்மர் இரண்டைப் பற்றியும் யாரும் சொல்லவில்லையே? அவை கொஞ்சம் நேர்மையாகத் தெரிந்தன.


மூணாம்டேக்:

நேர்மைதான், ஓரளவுக்கு. ரிவர் காட்டேஜின் ஹியூ ஃபெர்ன்லி-விட்டிங்ஸ்டால் 1999-இல் இங்கிலாந்தின் டார்செட்டில் ஒரு வாடகை வீட்டில் தொடங்கினார், வளர்த்த பன்றிகளைக் கசாப்புக்கு அனுப்புவதை மறைக்கவில்லை. கூர்மே ஃபார்மரின் மேத்யூ எவன்ஸ் சிட்னியில் உணவக விமர்சகராக இருந்துவிட்டு டாஸ்மேனியாவுக்குப் போனவர், தெரியாத்தனத்தையும் தோல்வியையும் காட்டினார். அது 2010-இல் ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் சேனலில் வந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள், இரண்டு பேருமே தொழில்முறை எழுத்தாளர்கள். பன்றி செத்தாலும் அது ஒரு எபிசோடு, புத்தகத்தில் ஒரு அத்தியாயம். கறவைக்காரி அக்காவின் பசுவுக்கு வந்த மடிநோய்க்கு யார் காசு கொடுத்தார்கள்?


கறவைக்காரி:

யாரும் கொடுக்கவில்லை, நான்தான் டாக்டருக்குக் கொடுத்தேன்.

ஜன்னலோரம், நிலம் வாங்கும் பேச்சு அப்புறம் இருக்கட்டும். தெரிந்தவர் யாராவது மாடு வைத்திருந்தால் வீட்டுக்காரரை இரண்டு வாரம் காலையும் மாலையும் கறக்க அனுப்புங்கள். கேமரா வேண்டாம், கையுறை வேண்டாம். லீவு போடாமல் போகட்டும், அதுதான் முக்கியம்.


ஜன்னலோரம்:

பதினாறு நாள் கழித்து வருகிறேன். அலுவலக நண்பர் ஒருவரின் அப்பா மூன்று மாடு வைத்திருக்கிறார், அங்கே அனுப்பினேன். மூன்றாம் நாள் மணிக்கட்டு வீங்கிவிட்டது, ஐந்தாம் நாள் காலை மீட்டிங்கில் சட்டையில் சாணியோடு உட்கார்ந்திருக்கிறார், பத்தாம் நாள் போக மாட்டேன் என்றார், ஆனாலும் போனார். நேற்றோடு முடிந்தது. இதை எழுதும்போது டிவியில் யாரோ கூடையோடு கோழிக்கூட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள், இவர் சோபாவில் வாயைத் திறந்தபடி தூங்குகிறார். மாட்டைப் பற்றி இப்போது பேச்சே இல்லை. கோழி மட்டும் ஆறு குஞ்சு வாங்கலாம், ஆறு போதும் என்கிறார்.


கறவைக்காரி:

ஆறும் பெட்டையா என்று கேளுங்கள்.