போலியோ ஒழிந்த பின்னும் கண்காணிப்பு எதற்கு?

கேள்வி:
இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் ஹவுரா மாவட்டத்தில் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று ஒழிப்புச் சான்றும் கிடைத்தது. அவ்வாறிருக்க, கால் தளர்ந்த குழந்தைகளின் மல மாதிரிகளை இன்னும் ஆய்வுக்கு அனுப்புவது ஏன்?

மறுமொழி 1:
தொற்றுக்குள்ளாகும் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே வாதம் ஏற்படுவதால், கிருமி மீண்டும் நுழைந்தால், முதல் குழந்தை நடக்க இயலாமல் போகும்போது அது ஊரெங்கும் பரவியிருக்கக்கூடும். ஆகவே 15 வயதுக்குட்பட்ட எவருக்குத் திடீர்த் தளர்வாதம் (கை கால்கள் திடீரெனத் தளர்ந்து செயலிழப்பது) வந்தாலும், காரணம் எதுவாகத் தோன்றினாலும், 14 நாள்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. வேறு காரணங்களாலும் தளர்வாதம் எங்கும் வருவதால், போலியோ அல்லாத தளர்வாதங்கள் போதிய அளவில் அறிவிக்கப்படுகின்றனவா என்பது இக்கண்காணிப்பின் முக்கிய அளவுகோல். எதையும் அறிவிக்காத மாவட்டமே என்னைக் கவலைகொள்ளச் செய்கிறது.

மறுமொழி 2:
கழிவுநீர்ப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2022இல் லண்டன் கழிவுநீரில் தடுப்பு மருந்திலிருந்து தோன்றிய போலியோ கிருமி (சொட்டு மருந்திலுள்ள வலுவிழந்த கிருமி பரவும்போது மாறி உருவாவது) தென்பட்டபோது, ஒருவருக்கும் வாதம் வராத நிலையிலேயே, அந்நகரின் 1 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கூடுதல் தவணை வழங்க முடிவெடுத்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தனியார் மருத்துவமனைகளுக்கு வரும் குழந்தைகளும் இக்கணக்கில் தவறாமல் சேர்கிறார்களா?

மறுமொழி 1:
சேர்ந்தாக வேண்டும். அதற்காகவே கண்காணிப்பு அலுவலர்கள் தனியார் மருத்துவர்களையும் தொடர்ந்து சந்திக்கிறார்கள்.