புருஷன் தலைன்னா முடிவெல்லாம் அவனுதுங்களா?

சோமனூர்க்காரன்:
வணக்கமுங்க. கல்யாணமாயி இன்னும் வருஷம் திரும்பல, நாங்க சி.எஸ்.ஐ. சபைக் கிறிஸ்தவங்க. என்ற சம்சாரத்துக்கு திருப்பூர்ல ஸ்கூல் வேலை கெடைச்சிருக்கு, போறதுக்கு ரொம்ப ஆசைப்படுது. எங்கப்பா வேண்டாம், தறிக்கணக்கு பாத்துட்டு ஊட்லயே இருக்கட்டும்ங்கறாரு. பைபிள்ல எபேசியர் 5:23ல புருஷன் மனைவிக்குத் தலைன்னு இருக்குதல்ல, நீ சொன்னா அவ கேக்கோணும்னு தெனமும் அதே பேச்சு. வசனம் இருக்கறது நெசந்தானுங்க. தலையா இருக்கறவன் செய்ய வேண்டியது என்னன்னு வெவரமா சொல்லுங்க, சபைல கேட்டா ஊருக்கே தெரிஞ்சுரும்.

கோபி அண்ணன்:
தம்பி, அதே அதிகாரத்துல 21ம் வசனத்துல இருந்து படிங்க. ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்னு எல்லாத்துக்கும் சொல்லிட்டுத்தான் இந்த நிருபத்த எழுதுன பவுல் மனைவிக்கே வர்றாரு. மனைவிக்கு மூணு வசனத்துல முடிச்சுட்டு புருஷனுக்கு 25ல இருந்து நீளமா போகுது, கிறிஸ்து சபைக்காக தன்னையே ஒப்புக்குடுத்த மாதிரி அன்புகூருன்னு. அந்தக் கால ரோம ராஜ்யத்துல ஊட்டு ஆம்பளைக்கு அதிகாரம் ஏற்கெனவே நெறைய, அடக்கி வையின்னு அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, உசுரக் குடுன்னு சொன்னதுதான் புதுசு. அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்ங்கறது ஆதியாகமம் 3:16, பாவம் வந்ததுக்கப்புறம் வந்த நெலமை, அதைக் கல்யாணத்துக்குச் சட்டமாக்கக் கூடாது.

பல்லடத்தார்:
கோபி சொல்றதுல பாதிதான் ஒத்துக்குவேன். மனைவி எல்லாத்துலயும் புருஷனுக்குக் கீழ்ப்படியோணும்ங்கற 24ம் வசனமும் வேதந்தான். ரெண்டு பேருக்கும் ஒத்து வரலைன்னா கடைசிப் பொறுப்பு புருஷனுதுன்னுதான் எங்க சபைல போதிக்கறாங்க, நானும் நம்பறேன். ஆனா அதுக்கு கர்த்தர் முன்னாடி கணக்கு சொல்லோணுமே? மனைவிக்குக் கனம் குடுக்கலைன்னா ஜெபமே தடைபடும்னு 1 பேதுரு 3:7ல இருக்கு. கை நீட்டறவன், சம்பளத்தப் புடுங்கறவன் எல்லாம் இந்த வசனத்த வாயிலயே எடுக்கக் கூடாது.

கருமத்தம்பட்டி அக்கா:
நாங்க ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கருங்க. போப் இரண்டாம் ஜான் பால் 1988ல பெண்களோட மாண்பு பத்தி எழுதுன மடல்ல, கீழ்ப்படியறது ஒரு பக்கம் மட்டுமில்ல ரெண்டு பேருக்குந்தான்னு தெளிவா சொல்லிட்டாரு. அப்பறம் ஒண்ணு கண்ணு, தாய் தகப்பன விட்டு மனைவியோட இசைஞ்சிருக்கறது ஆம்பளைக்குச் சொன்னது, ஆதியாகமம் 2:24, அதையே பவுல் 5:31ல திரும்பச் சொல்றாரு. பெத்தவங்களைக் கைவிடச் சொல்லல. ஆனா மருமக வேலைய மாமனார் முடிவு பண்ணி மகன் வாயால சொல்ல வெச்சா, அங்க தலை நீங்க இல்லியே. அப்பாகிட்ட நீங்களே ஒக்காந்து பேசுங்க, அம்மிணிய முன்னாடி தள்ளி விடாதீங்க. அப்பறம் காலைல அவ பஸ்ஸப் புடிக்கோணும்னா டிபன் கட்டறது யாரு, தண்ணி புடிச்சு வெக்கறது யாரு, அதையும் இப்பவே பேசிருங்க. போஷித்துக் காப்பாற்றுகிறதுன்னு 5:29ல வர்றது இதுவுந்தான்.

சோமனூர்க்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். சாயந்திரம் தறி நிறுத்துனதும் அப்பாகிட்ட பேசறேன். டிபன் நானே கட்டிருவேன், இட்லி ஊத்தத் தெரியும். அப்பா வருத்தப்பட்டா என்னங்க்கா பண்றது?

கருமத்தம்பட்டி அக்கா:
படத்தான் செய்வாரு கண்ணு. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணச் சொல்லியும் கட்டளை இருக்கு, அதனால கொரல் ஒசத்தாம பேசுங்க.