மறு: டம்ளர் என்று போட்டால் காப்பி டம்ளர் ஆகிவிடுகிறது

கரூர்க்காரி எழுதியது (திங்கள் காலை):

அனைவருக்கும் வணக்கம். ஓர் அவசரம். மகளிர் குழுக்களுக்கான கல் நகைப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்து, ஒரே ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது.

சின்னக் கற்களுக்கு மெருகு ஏற்ற இரண்டு வகை எந்திரம் உண்டு. ஒன்று படுக்கவைத்த பீப்பாய். உள்ளே கல், தூள், தண்ணீர். மோட்டார் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்று ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் கிண்ணம். அது சுற்றாது, அதிரும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் டம்ளர் என்றுதான் பெயர், முன்னால் ரோட்டரி, வைப்ரேட்டரி என்று சேர்த்துக்கொள்வார்கள். போன பதிப்பில் நாங்களும் 'டம்ளர்' என்றே போட்டோம். வகுப்பில் ஓர் அக்கா எழுந்து, "எவர்சில்வர் டம்ளர்ல போடலாமா, பித்தளைதான் வேணுமா?" என்று கேட்டார். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

அதோடு போயிருந்தால் சரி. இன்னொருவர் கடன் வாங்கி, அதிரும் வகையை வாங்கிவிட்டார். சுத்தியால் உடைத்த கரட்டுக் கல்லைப் போட்டு 12 நாள் ஓட்டிவிட்டுக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் கொட்டினார். கண்ணாடி மாதிரி பளபளப்பு. ஆனால் முக்கோணமாகப் போட்டது முக்கோணம், சில்லாகப் போட்டது சில்லு. முனை மட்டும் லேசாக மழுங்கியிருந்தது. அவருக்கு வேண்டியது உருண்டைக் கல். கையேட்டில் இரண்டுக்கும் ஒரே பெயரைப் போட்டது நாங்கள், அவரை என்ன சொல்வது?

என் வரைவில் இப்போது இருப்பது: 'அதிர்வுசார் கல் மெருகூட்டல் இயந்திரம்'. எழுதிய எனக்கே மூச்சு வாங்குகிறது. உதவுங்கள்.

*

இலக்கணப்பித்தன் எழுதியது:

> அதிர்வுசார் கல் மெருகூட்டல் இயந்திரம்

அம்மா, 'சார்' என்று ஒட்டு வந்தாலே மொழிபெயர்ப்பு வாடை அடித்துவிடும். தொல்காப்பியர் உரியியலில் வழி காட்டியிருக்கிறார்: 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்'. இரண்டு சொல், பொருள் ஒன்று. இவற்றில் அதிர்வு ஓசையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதிர்வேட்டு, பறை அதிர்ந்தது என்கிறோம். விதிர்ப்பு சும்மா கிடக்கிறது. எடுத்து வேலை கொடுப்போம்: விதிர்ப்பி. திருவாசகத்தில் 'மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து' என்று வருகிறதே, அந்த நடுக்கம்தான். கிண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள், சொல்லின் அருமை தெரியும்.

*

பட்டறை (காங்கேயம்) எழுதியது:

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. விதிர்ப்பி என்று பலகை மாட்டினால் வயிற்று வலிக்கு மருந்து கேட்டு வருவார்கள்.

எங்கள் பட்டறையில் வைப்ரேட்டர் என்போம். ஆனால் கொத்தனார் கான்கிரீட்டுக்குள் விடுவதும் வைப்ரேட்டர்தான், அதனால் அதுவும் உதவாது. பெயர் வைக்குமுன் வேலையைக் கொஞ்சம் பாருங்கள். பீப்பாயில் கல் மேலே ஏறிச் சரிந்து விழும். விழும்போது ஒன்றையொன்று தேய்த்து மூலை போய்விடும், கூழாங்கல் ஆற்றில் ஆவது மாதிரி. மெதுவான வேலை. முரட்டுத் தூளில் ஒரு வாரம், நடுத்தரத்தில் ஒரு வாரம், நைசில் ஒரு வாரம், கடைசியில் மெருகுத் தூள். மொத்தம் நாலைந்து வாரம். அதிரும் கிண்ணத்தில் கல் விழாது. மோட்டார் தண்டில் ஒரு பக்கமாக எடை தொங்கும், அது சுற்றும்போது கிண்ணம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 தடவை துடிக்கும். கல் எல்லாம் கிண்ணத்தைச் சுற்றி ஊர்ந்துகொண்டே இருக்கும். உருவம் மாறாது, மேல்தோல் மட்டும் மெருகாகும், சில நாளில் முடிந்துவிடும். கேபஷான் (மேல்பக்கம் குவிந்த நகைக் கல்) வெட்டி வைத்திருப்பவர்களுக்கும் ஏற்கெனவே உருண்டையான கல் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் சரி. கரட்டுக் கல்லுக்கு முதலில் பீப்பாய், அப்புறம் வேண்டுமானால் கிண்ணம்.

ஆகையால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், பெயரில் 'சாணை' வேண்டாம். சாணை என்றால் தேய்த்து உருவாக்கும் என்று எங்கள் ஆள் நம்பிவிடுவான்.

*

தனித்தமிழன் எழுதியது:

சாணை வேண்டாம் என்பதில் பட்டறை ஐயாவோடு உடன்படுகிறேன். காரணம் வேறு, அது வடமொழி சாணம். நமக்குத் தீட்டுக்கல் இருக்கிறது.

உள்ளே போடும் தூளைப் பற்றி யாரும் பேசவில்லையே? கார்பரண்டம் என்கிறார்கள். அது கார்பனையும் கொரண்டத்தையும் ஒட்டிச் செய்த பெயர். கொரண்டம் என்ற அந்தக் கடினக் கல்லின் பெயர் எங்கிருந்து போனது? நம் குருந்தத்திலிருந்து. நாம் கொடுத்த சொல்லை உடைத்து ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், நாமும் ரசீது போட்டு வாங்குகிறோம்.

இன்னும் கேளுங்கள். மாணிக்கமும் குருந்தம்தான். இலக்கணப்பித்தன் ஐயா திருவாசகம் சொன்னார். திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்டது எந்த மரத்தடியில்? குருந்த மரத்தடியில்! இது தற்செயலா?

*

நாகர்கோவில் வாத்தியார் எழுதியது:

தற்செயல்தான். குருந்த மரம் காட்டு எலுமிச்சை வகை. கற்களுக்கான மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அதற்கு இடம் கிடையாது.

நான் இயற்பியல் நடத்துகிறவன். பாடநூலில் அதிர்வு, அலைவு என்று இரண்டையும் பிரித்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். வைப்ரேட்டரி என்றால் அதிர்வு. முடிந்தது. 'அதிர்மெருகி' என்று வையுங்கள்.

*

இலக்கணப்பித்தன் எழுதியது:

> அதிர்மெருகி

வாத்தியாரே! வெட்டு என்பது வினை, இகரம் ஏறி வெட்டி ஆகும். மெருகு பெயர்ச்சொல். அதன் தலையில் இகரத்தை ஏற்றினால் என்ன ஆகும்? அழகிலிருந்து அழகி வரவில்லையா என்று கேட்பீர்கள். அவள் அழகு உடையவள், அழகு செய்கிற கருவி அல்ல. உங்கள் கணக்குப்படி மெருகி என்பது மெருகு உடையவள்.

*

வடமராட்சி எழுதியது:

வணக்கம். நான் இரண்டு நாளாய் வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். எங்கட பக்கத்தில் பொலிஷ் பண்ணுறதை மினுக்குதல் என்றுதான் சொல்லுவம். பித்தளை மினுக்கிறது, அரிசி மினுக்கிறது. மினுக்கு வினைதானே ஐயா? அப்ப 'மினுக்கி' சரிவரும். 'அதிர்மினுக்கி' என்று வைச்சால் இலக்கணமும் சரி, கேட்கிற ஆளுக்கும் விளங்கும்.

*

கரூர்க்காரி எழுதியது:

அக்கா, எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே மினுக்கி என்றால் வேறு அர்த்தம் வந்துவிடும். முப்பது பெண்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் "உங்களில் யாரிடம் மினுக்கி இருக்கிறாள்" என்று கேட்ட மாதிரி ஆகிவிடும்.

*

வடமராட்சி எழுதியது:

ஐயோ தங்கச்சி, அது தெரியாமல் போச்சு. விடுவம்.

*

தனித்தமிழன் எழுதியது:

இரவு முழுக்க யோசித்தேன். கிண்ணத்துக்குள் சிறு கற்கள், அசைந்தால் ஓசை. இந்தப் பொருள் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது, காலில் போட்டிருந்தார்கள்! 'என்கால் பொற்சிலம்பு மணியுடை அரியே', 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே'. அரி என்றால் உள்ளே இடும் பரல். சிலம்புதல் என்றால் ஒலித்தல், வினைச்சொல்தான், இகரம் ஏறும். ஆகவே 'சிலம்பி'. கூடுதல் தெளிவு வேண்டினால் 'பரற்சிலம்பி'.

*

பட்டறை (காங்கேயம்) எழுதியது:

எனக்குப் படிப்பு குறைவு. ஆனாலும் சிலம்பி என்றால் எட்டுக்கால் பூச்சி இல்லையா?

*

இலக்கணப்பித்தன் எழுதியது:

எட்டுக்கால் பூச்சியேதான். திருவானைக்காவில் இறைவனுக்கு வலை பின்னிப் பந்தல் போட்டதே, மறுபிறவியில் கோச்செங்கட்சோழனாகப் பிறந்ததே, அந்தச் சிலம்பி. பொருத்தம் பாருங்கள். திருச்சியைச் சுற்றித்தான் எத்தனை குடும்பங்கள் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிப் பிழைத்தன! அதே ஊர்க் கோயிலில் சிலம்பி. பேசாமல் அதையே...

*

நாகர்கோவில் வாத்தியார் எழுதியது:

ஐயா, 'சிலம்பியைக் கழுவி நிழலில் உலர்த்தவும்' என்று கையேட்டில் வரும். யோசியுங்கள்.

சனங்கள் கண்ணால் பார்ப்பது குலுக்கல்தானே? எங்கள் ஊரில் குலுக்கி சர்பத் என்று விற்கிறார்கள், யாரும் அகராதி கேட்கவில்லை. நிமிடத்துக்கு 3,000 என்பது குலுக்கல் ஆகாது என்று என் மனச்சாட்சி சொல்கிறது, ஆனாலும் முன்மொழிகிறேன்.

*

தனித்தமிழன் எழுதியது:

குலுக்கல் என்றால் சீட்டுக் குலுக்கல். பரிசு விழும் என்று நினைப்பார்கள்.

*

பட்டறை (காங்கேயம்) எழுதியது:

நினைக்கட்டுமே. மூடியைத் திறக்கும்போது அப்படித்தான் இருக்கும்.

சொல்லை விடுங்கள், கையேட்டில் இதைப் போட்டீர்களா? கிண்ணம் எப்போதும் முக்கால் பங்குக்கு மேல், முடிந்தால் 80 முதல் 85 விழுக்காடு நிறைந்திருக்க வேண்டும். அரைக் கிண்ணமாக ஓட்டினால் கல் துள்ளி மோதி விளிம்பு சிதறும். அதனால் பெரிய கிண்ணம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கக் கூடாது. மாதம் ஒரு கிலோ கல் பார்க்கிறவருக்குச் சின்னதுதான் கணக்கு. கல் குறைந்தால் பீங்கான் குண்டு போட்டு நிரப்பலாம், மெத்தை மாதிரி தாங்கும். தண்ணீர் ஊற்றுகிற வேலையே கிடையாது, தெளிக்கணும். கல்லின் மேல் சேறு பூசின மாதிரி ஒட்டியிருக்கணும். தண்ணீர் கூடினால் தூள் அடியில் இறங்கிவிடும், காய்ந்தால் கல் நகராது. காலையும் மாலையும் திறந்து பார்க்க நேரம் இல்லாதவர் பீப்பாயோடு நிற்பது நல்லது. மெருகுக்குத் தனிக் கிண்ணம் உண்டா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒரு முரட்டுத் துகள் தங்கினாலும் அத்தனை கல்லிலும் கீறல்.

எங்கள் பக்கத்துச் சந்திரகாந்தக் கல் கடினம் 6, 6.5 தான், அதோடு பிளவுத் தளம் உள்ள கல். அதையும் படிகக் கல்லையும் ஒன்றாகப் போட்டால் சந்திரகாந்தம்தான் தேயும். கழிவுச் சேற்றைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது, சிமெண்ட் மாதிரி இறுகிவிடும்.

*

வடமராட்சி எழுதியது:

பட்டறை அண்ணை சொன்னதை அப்பிடியே அச்சடிச்சால் போதும் போல கிடக்கு.

குசராத்தில் கம்பாத் என்ற இடத்தில் முந்தி அகேட் மணிகளைத் தோல் பையில் போட்டு, குருந்தத் தூளும் தண்ணியும் சேர்த்து, இரண்டு பேர் எதிரெதிரே இருந்து நாள்கணக்கில் உருட்டிக்கொண்டே இருப்பினமாம். மோட்டர் இல்லாத பீப்பாய். அப்ப அந்த வகைக்கு 'உருட்டு' என்ற சொல் எப்பவோ பொருந்தீட்டுது.

*

இலக்கணப்பித்தன் எழுதியது:

நொய்யல் கரைக் கொடுமணலில் என்ன செய்தார்களோ! அகழ்ந்தபோது முடிக்காத மணிகளும் கிடைத்தனவே. பதிற்றுப்பத்து 'கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்' என்கிறது. வினைமாண்! அந்த மாண்பை எந்தக் கருவியால் ஏற்றினார்கள், அதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள்? அது மட்டும் தெரிந்துவிட்டால் இந்த இழையே தேவையில்லை.

*

கரூர்க்காரி எழுதியது (வியாழன் இரவு):

ஐயா, தெரியவரும்போது மறுபதிப்பில் சேர்க்கிறேன். நாளை காலை அச்சு.

உருட்டு, குலுக்கு என்று அசைவுக்கு இரண்டு சொல் கிடைத்தன. பின்னால் என்ன சேர்ப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்குப் பதில், பார்த்தால் தெரிகிற பாத்திரத்தைச் சேர்த்துவிடுகிறேன். உருட்டுப் பீப்பாய், குலுக்குக் கிண்ணம். கடையில் போய் நின்றாலே எது எது என்று தெரிந்துவிடும். அடுத்த வரியில், 'பீப்பாய் மூலையைத் தேய்க்கும், கிண்ணம் மெருகை மட்டும் ஏற்றும்.' மறுப்பு இருந்தால் இன்று இரவுக்குள்.

*

வடமராட்சி எழுதியது: சரி.

பட்டறை (காங்கேயம்) எழுதியது: சரி. விலை எழுதும்போது கிண்ணத்துக்கு மாற்று ஸ்பிரிங் கிடைக்குமா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

நாகர்கோவில் வாத்தியார் எழுதியது: 'அதிர்கிண்ணம்' என்பதே சரி என்று பதிவு செய்துவிட்டு, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். அப்புறம், என் மகன் சொல்கிறான், இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் உருட்டு என்றால் பொய் சொல்வதாம்.

தனித்தமிழன் எழுதியது: பீப்பாய் போர்த்துக்கீசியச் சொல். டம்ளரிலிருந்து தப்பிக்கிறோம் என்று சொல்லி இன்னொரு ஏனத்துக்குள் விழுந்திருக்கிறீர்கள். உருட்டுக் குடம் என்றாவது மாற்றுங்கள். என் மறுப்பைப் பதிவு செய்க.

*

இலக்கணப்பித்தன் எழுதியது (வியாழன், நள்ளிரவு தாண்டி):

'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்றார் தொல்காப்பியர். விதிர்ப்பியை விட்டுக்கொடுக்கிறேன்.

ஆனால் 'குலுக்குக் கிண்ணம்' என்று நடுவில் க் எப்படி வந்தது? குலுக்குகின்ற கிண்ணம் என்று விரித்தால் வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. சுடுசோறு, ஊறுகாய். ஆக, குலுக்கு கிண்ணம்.

*

நாகர்கோவில் வாத்தியார் எழுதியது:

அப்படியானால் உருட்டுக்கட்டை? அதில் க் மிகுகிறதே ஐயா.

*

இலக்கணப்பித்தன் எழுதியது:

அங்கே உருட்டு என்பது முதனிலைத் தொழிற்பெயர். கட்டை தானாக எதையும் உருட்டவில்லை.

*

நாகர்கோவில் வாத்தியார் எழுதியது:

கிண்ணம் மட்டும் தானாகவா குலுக்குகிறது? குலுக்குவது மோட்டார்.

*

கரூர்க்காரி எழுதியது (வெள்ளி காலை):

மன்னிக்கவும், இப்போதுதான் பார்க்கிறேன். அட்டை நேற்று இரவே போய்விட்டது, அதில் க் இருக்கிறது. உள்பக்கங்களில் ஐயாவின் மடலைப் பார்த்துவிட்டு அச்சக ஆள் எடுத்துவிட்டார். 41ஆம் பக்கத்துப் படத்தின் கீழே மட்டும் எடுக்காமல் விட்டுப்போயிருக்கிறது.