டெர்பி மேட்சுக்கு மகளை மறுபடியும் கூட்டிப் போகலாமா?

லெஃப்ட்பேக்:

எங்கள் வீட்டில் கால்பந்துப் பைத்தியம் நான்தான். கணவருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை புரியவில்லை. மகளுக்குப் பதினோரு வயது, அவள் என் கட்சி. இரண்டு வாரத்துக்கு முன் நடந்த டெர்பிக்கு (அக்கம்பக்கத்துப் போட்டி அணிகள் மோதும் ஆட்டம்) முதல் தடவையாக அவளை நேரில் கூட்டிப் போனேன்.

83வது நிமிடம் வரை ஒரு குறையும் இல்லை. எங்கள் ஆள் பாக்ஸுக்குள் விழுந்தார், ரெஃப்ரி கண்டுகொள்ளவில்லை. (என்னைக் கேட்டால் பெனால்டிதான். அந்தச் சண்டையை வேறு திரியில் வைத்துக்கொள்ளலாம்.) எதிர் ஸ்டாண்டிலிருந்து முதலில் தண்ணீர் பாட்டில்கள் பறந்தன, அப்புறம் ஒரு ஃப்ளேர் (புகை கக்கி எரியும் குச்சி). கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் புகை. ஆட்டம் பத்து நிமிடம் நின்றது. எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் ரெஃப்ரியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். மகளின் காதைப் பொத்தினேன். அதுவரை எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

பயம் வந்தது வெளியே போகும்போது. படிக்கட்டு முடிகிற இடத்தில் இரட்டைக் கதவு. அதில் ஒன்று மட்டும் திறந்திருந்தது. எதிரணி ரசிகர்களின் பஸ்கள் கிளம்பும்வரை எங்களை உள்ளே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அது மறுநாள்தான் தெரிந்தது. மேலே இருந்து இறங்குகிறவர்களுக்குக் கீழே நிற்பது தெரியாதே, அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். என் இரண்டு கையும் நெஞ்சோடு சேர்ந்து மடங்கிவிட்டன, எடுக்க முடியவில்லை. மகளின் முகம் முன்னால் நின்றவரின் முதுகுப்பையில் அழுந்திக் கிடந்தது. "அம்மா, ஷூ கழன்றுவிட்டது" என்றாள். குனிய வழி இல்லை. அப்போது அந்தத் திட்டிக்கொண்டிருந்த ஆள்தான், எப்படி எங்கள் பக்கம் வந்தாரோ, அவளைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஐந்து நிமிடம் இருக்கும். இன்னொரு கதவும் திறந்தது, எல்லோரும் அப்படியே வெளியே கொட்டினோம்.

மறுநாள் செய்தியெல்லாம் 'ரசிகர்கள் வன்முறை'. ஃப்ளேர் படம் வந்தது, படிக்கட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. கணவர் இனிமேல் கிடையவே கிடையாது என்கிறார். மகள் அடுத்த டெர்பி எப்போது என்று கேட்கிறாள். ஸ்டேடியம் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: போகலாமா, கூடாதா?

தொண்ணூறாவது நிமிடம்:

டிவியில் பாருங்கள் மேடம். ரீப்ளேயும் கிடைக்கும், ஷூவும் மிஞ்சும். இந்தக் கும்பலைத் திருத்த முடியாது. 1985இல் பெல்ஜியத்தின் ஹெய்சல் ஸ்டேடியத்தில் 39 பேர் செத்தார்கள், அதற்கப்புறமும் என்ன மாறிவிட்டது? ஃப்ளேர் கொளுத்துகிறவனுக்கு ஆயுள் தடை போட வேண்டும். அது நடக்கும்வரை குழந்தையைக் கூட்டிப் போகாதீர்கள்.

மஞ்சள்கோட்டு:

ஒன்பது வருஷம் ஒரு ஸ்டேடியத்தில் மஞ்சள் கோட்டு போட்ட பாதுகாப்பு ஊழியனாக வாசலில் நின்றவன் நான். மேடம் எழுதியதில் இரண்டு சம்பவம் இருக்கிறது. 83வது நிமிடத்தில் நடந்தது ஒன்று, படிக்கட்டில் நடந்தது இன்னொன்று. செய்தியில் இரண்டையும் ஒரே தலைப்பில் கட்டிவிட்டார்கள். காலங்காலமாக இப்படித்தான் கட்டுகிறார்கள்.

பெருவின் தலைநகர் லிமா, 1964 மே 24. ஒலிம்பிக் தகுதிச் சுற்று, பெரு – அர்ஜென்டினா. கடைசி நிமிடங்களில் பெரு போட்ட சமன் கோலை ரெஃப்ரி செல்லாது என்றார். இரண்டு பேர் மைதானத்துக்குள் ஓடினார்கள். போலீஸ் அடித்தது, கூட்டம் கொந்தளித்தது, கேலரிக்குள் கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டார்கள். மூச்சு முட்டிய ஜனம் படிக்கட்டு வழியாகக் கீழே ஓடியது. கீழே தெருவைப் பார்த்த இரும்பு ஷட்டர்கள் மூடியிருந்தன. அதிகாரபூர்வக் கணக்கே 328 பேர். உள்ளே ஓடியது இரண்டு பேர்! செத்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஷட்டருக்கும் பின்னால் வந்த கூட்டத்துக்கும் நடுவே நசுங்கியவர்கள்.

2001இல் கானாவின் அக்ராவிலும் இதே கதைதான். தோற்ற அணியின் ரசிகர்கள் நாற்காலியைப் பிய்த்து எறிந்தார்கள், போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டது, 120க்கும் மேல் பலி. 2022 அக்டோபர் 1, இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் ஸ்டேடியத்தில் 135 பேர். கஞ்சுருஹானில் ஒரு விஷயம் கவனியுங்கள். கலவரம் வரும் என்று பயந்து எதிரணி ரசிகர்களுக்கு அன்றைக்கு அனுமதியே கொடுக்கவில்லை. உள்ளே இருந்தது ஒரே அணியின் ரசிகர்கள்தான். சண்டை போடக்கூட எதிர்த்தரப்பில் ஆள் கிடையாது. சொந்த மண்ணில் தோற்ற ஆத்திரத்தில் சிலர் மைதானத்தில் இறங்கினார்கள், போலீஸ் உட்கார்ந்திருந்த கூட்டத்தை நோக்கியும் கண்ணீர்ப்புகை சுட்டது, ஜனம் குறுகலான வாசல்களில் போய் அடைத்துக்கொண்டது. கண்ணீர்ப்புகையை மைதானத்துக்குக் கொண்டு வரவே கூடாது என்று ஃபிஃபா விதியில் இருக்கிறது.

இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்தில் இந்த ஃப்ளேர், பாட்டில்கூடக் கிடையாது. 1989 ஏப்ரல் 15. ஒரு பக்கம் நின்று பார்க்கும் 10,100 பேருக்கு ஏழே ஏழு சுழல் கதவுகள். வெளியே நெரிசல் முற்றியதும் போலீஸ் ஒரு பெரிய வாசலைத் திறந்துவிட்டது. திறந்தது தப்பில்லை. ஆனால் உள்ளே போனதும் கண்ணுக்கு நேராகத் தெரிந்த சுரங்கப்பாதை ஏற்கெனவே நிரம்பிய நடுக்கூண்டுகளுக்குத்தான் (கம்பிவேலியால் பிரித்த, நின்று பார்க்கும் பகுதிகள்) போனது, அதை மூட ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு பக்கக் கூண்டுகளிலும் இடம் காலியாகக் கிடந்தது. முன்னால் கம்பிவேலி, ஓட வழியில்லை. 97 உயிர். ரசிகர்கள்தான் வாசலை உடைத்தார்கள் என்று அன்றைக்கே கதை கட்டினார்கள். அது பொய். சாவுக்கு ரசிகர்களின் நடத்தை காரணமே இல்லை என்று விசாரணை ஜூரி சொல்ல 2016 ஆகிவிட்டது.

இனி என் கதை. ஒரு நாள் நான் நின்ற வாசலிலும் மேடம் சொன்ன அதே ஏற்பாடு: பாதி திற, பாதி மூடு. சாவி என் கழுத்தில். கூட்டம் பாடிக்கொண்டே இறங்கி வந்தது. பாடுகிறவரை எனக்குக் கவலை இல்லை. திடீரென்று முன்னால் இருந்தவர்களின் பாட்டு நின்றது, பின்னால் மட்டும் கேட்டது. என்னோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் முதல் நாளே சொல்லியிருந்தார்: "கத்துகிற கூட்டத்தைப் பார்த்துப் பயப்படாதே தம்பி, கத்த முடியாத கூட்டத்தைப் பார்." நெஞ்சு அழுந்தினால் மூச்சை உள்ளே இழுக்க இடம் இருக்காது, அப்புறம் எங்கே கத்துவது? முதல் வரிசையில் ஒரு பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது. வாக்கி டாக்கியில் கேட்டேன், "திறக்காதே, உத்தரவு வரட்டும்" என்றார்கள். திறந்துவிட்டேன். மறுநாள் எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. காகிதம் இன்னும் வீட்டில் இருக்கிறது.

பழைய டிரம்:

மஞ்சள்கோட்டு அண்ணா சொன்னதில் பொய் இல்லை. ஆனால் எங்களை ரொம்பவும் வெள்ளையடித்துவிட்டார். நான் நாலு வருஷம் கோல் கம்பத்துக்குப் பின்னால் டிரம் அடித்தவன். அந்தக் கூட்டத்தை உள்ளேயிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லாமே கதவின் குற்றம் கிடையாது.

ஹெய்சலில் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் ரசிகர்களில் ஒரு கூட்டம் பக்கத்துப் பகுதியில் இருந்தவர்கள் மேல் பாய்ந்தது உண்மை. பின்வாங்கியவர்கள் சுவரோரம் ஒதுங்க, சுவர் இடிந்தது. 14 பேருக்குக் கோர்ட்டில் தண்டனை கிடைத்தது. இங்கிலாந்து கிளப்புகளை ஐந்து வருஷம் ஐரோப்பியப் போட்டிகளில் சேர்க்கவில்லை, லிவர்பூலுக்கு ஆறு. ஸ்டேடியம் பாழடைந்து கிடந்தது, இரண்டு கூட்டத்துக்கும் நடுவே பேருக்கு ஒரு கம்பி வலை, அதுவும் உண்மை. அதற்காகப் பாய்ந்தவன் பாயவில்லை என்று ஆகிவிடுமா? 2012இல் எகிப்தின் போர்ட் சயீதில் இன்னும் மோசம். சொந்த அணி 3–1 என்று ஜெயித்திருக்கிறது, அப்படியும் விசில் ஊதியதும் கத்தி, கம்போடு எதிரணி ரசிகர்கள் மேல் போய் விழுந்தார்கள். 70 பேருக்கு மேல் பலி. (அங்கேயும் வெளியேறும் கதவு பூட்டித்தான் இருந்தது, அண்ணாவுக்கு ஒரு புள்ளி.)

எங்கள் குழுவில் முந்நூறு பேர் இருந்தால் கை நீட்டவென்றே வருகிறவர்கள் இருபது பேர். ஃப்ளேரை யார் உள்ளே கொண்டு வருகிறான், எப்படிக் கொண்டு வருகிறான் என்று எங்களுக்குத் தெரியும். சொல்ல மாட்டோம். சொன்னவன் அடுத்த வாரம் எங்களோடு நிற்க முடியாது. மிச்ச 280 பேர் ஏன் ஒதுங்கிப் போகவில்லை என்று கேட்பீர்கள். ஒதுங்கத்தான் நினைத்தோம். ஒருமுறை வெளியே இரண்டு பேர் கல்லெறிந்ததற்கு போலீஸ் வந்து எங்கள் எல்லோர் மேலும் ஒரே மாதிரி தடியைச் சுழற்றியது. டிரம்மை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நின்ற எனக்கும் தோளில் ஒன்று. அதுவரை அந்த இருபது பேரையும் எனக்குப் பிடிக்காது. அந்த அடிக்கு அப்புறம் அரைமணி நேரம் நானும் அவர்களில் ஒருத்தன். இருபது முந்நூறானது இப்படித்தான்.

இதைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்கள். யூரோ 2004இல் போர்ச்சுகல் போலீஸ் அந்த யோசனையை எடுத்துக்கொண்டது. மேட்ச் நடந்த நகரங்களில் சாதாரணச் சீருடையில் போலீஸ்காரர்கள் இரண்டிரண்டு பேராக ரசிகர்களுக்குள் கலந்து நின்று பேசினார்கள். கவசம் போட்ட படை கண்ணில் படாத தூரத்தில் காத்திருந்தது. தப்பு செய்கிறவனை மட்டும் தனியாகப் பிடித்தார்கள். இங்கிலாந்து ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் வந்தும் அந்த நகரங்களில் பெரிய கலவரம் இல்லை. வேறு போலீஸ் பிரிவு பார்த்துக்கொண்ட அல்புஃபெய்ரா என்ற கடற்கரை ஊரில்தான் அடிதடி நடந்தது.

மேடம், உங்கள் குழந்தையைத் தூக்கியவர் திட்டிக்கொண்டிருந்த ஆள் என்றீர்களே, எனக்கு ஆச்சரியமே இல்லை. வாய் அங்கே பாதி நாடகம். நானும் தொண்டை கிழியத் திட்டியிருக்கிறேன்.

தொண்ணூறாவது நிமிடம்:

தெரிந்தும் சொல்லாத 280 பேருக்கும் சேர்த்துத்தான் தடை போட வேண்டும் என்பேன். கதவு விஷயம் எனக்குத் தெரியாது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

லெஃப்ட்பேக்:

மஞ்சள்கோட்டு சார், அந்தப் பையனின் உதட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுந்துபோய் மகளைப் பார்த்துவிட்டு வந்தேன். தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

கிளப் அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டேன். கதவைப் பாதி மூடியது போலீஸ் சொன்னதால் என்றார்கள். போலீஸில் கேட்டால் வாசல் கிளப்பின் பொறுப்பு என்றார்கள். யார் வைத்திருந்தார்களோ, அந்தச் சாவி உங்கள் கழுத்தில் இல்லாமல் போய்விட்டது. எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், பதில் இன்னும் இல்லை. போவதென்று முடிவு செய்தால் நான் என்ன பார்க்க வேண்டும்?

மஞ்சள்கோட்டு:

டிக்கெட் வாங்கும்போது ஆட்டம் நன்றாகத் தெரியுமா என்று பார்க்காமல் வெளியே போக எத்தனை வழி என்று பாருங்கள். உள்ளே வந்த வாசலுக்கே எல்லோரும் திரும்ப ஓடுவார்கள், அது மனித சுபாவம். அதனால் உட்காருவதற்கு முன்பே மகளோடு இரண்டாவது வாசல்வரை ஒருமுறை நடந்து போய்விட்டு வாருங்கள். நடைபாதையை ஒட்டிய ஓர இருக்கை நல்லது. கோல் கம்பத்துக்குப் பின்னாலும் எதிரணிப் பகுதியை ஒட்டியும் வேண்டாம், பறந்து வருவதெல்லாம் அங்கேதான் விழும்.

கடைசி விசில் ஊதினால் எழாதீர்கள். இருபது நிமிடம் அப்படியே உட்காருங்கள். நான் பார்த்தவரை நெரிசலெல்லாம் முதல் பத்து நிமிடத்தில்தான். பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை.

அப்படியும் மாட்டிக்கொண்டால், குழந்தையை முதலிலேயே தோளுக்கு ஏற்றிவிடுங்கள். நெருக்கம் முற்றினால் தூக்க முடியாது, உங்களுக்கு அந்த மனிதர் கிடைத்தது அதிர்ஷ்டம். உங்கள் கைகள் இரண்டும் நெஞ்சுக்கு முன்னால் குத்துச்சண்டைக்காரர் மாதிரி இருக்கட்டும், அந்த ஒரு சாண் இடைவெளிதான் மூச்சு. கூட்டம் அலை மாதிரி தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாதீர்கள், கூடவே போங்கள். அலை ஓய்கிற நொடியில் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். ஆனால் சுவரிலோ கம்பியிலோ முதுகு சாயும்படி மாட்டிக்கொள்ளக் கூடாது. கீழே விழுந்ததை எடுக்கக் குனியவே குனியாதீர்கள், ஷூவை விட்டுவிட்டது சரியான முடிவு.

இவ்வளவும் சொன்ன பிறகும், கீரியும் பாம்பும் மாதிரி மோதும் டெர்பிக்கு உடனே போக வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். முதலில் கூட்டம் குறைவான சாதாரண லீக் மேட்ச் ஒன்றுக்குப் போங்கள். அந்தப் படிக்கட்டில் ஒருமுறை நிதானமாக இறங்கட்டும் அவள்.

பழைய டிரம்:

அண்ணா சொன்னதை வழிமொழிகிறேன். டிரம் சத்தம் கேட்கிற இடத்திலிருந்து குறைந்தது இரண்டு பகுதி தள்ளி வாங்குங்கள்.

லெஃப்ட்பேக்:

சாதாரண லீக் மேட்ச், புதன்கிழமை, 9வது வரிசை, ஓரத்தில் இரண்டு இருக்கை. வாங்கிவிட்டேன். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. மகளிடம் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தத் திட்டுகிற மாமா வருவாரா?"

மஞ்சள்கோட்டு:

லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டு அனுப்புங்கள்.