தென்னாப்பிரிக்கா டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வீடு புகுந்து கேமராவைத் தூக்கிவிட்டார்கள்

கேள்வி: புதன்கிழமை டர்பனிலேயே இருக்கும் ஃபீனிக்ஸில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். திரும்பினால் குளியலறை ஜன்னல் கம்பி வாழைநார் மாதிரி வளைந்து கிடக்கிறது. நிக்கான் டி750, இரண்டு லென்ஸ், பை எல்லாம் போச்சு. குத்துவிளக்கைத் தொடவில்லை, ஆனால் ஃபிரிட்ஜில் இருந்த பிரியாணி காலி! அலாரம் பேட்டரி மின்வெட்டிலேயே செத்திருந்தது, என் தப்பு. சீரியல் எண்ணும் குறித்து வைக்கவில்லை. மனைவி இரண்டு நாளாய்த் தூங்கவில்லை. என்ன செய்ய?

பதில் 1: அண்ணா, அந்தக் கேமராவில் எடுத்த பழைய படத்தின் எக்ஸிஃப் விவரத்தை (படக் கோப்புக்குள் கேமரா தானாக எழுதி வைக்கும் குறிப்பு) திறந்து பாருங்கள், சீரியல் எண் அங்கே இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படம் உதவாது, மூலக் கோப்பு வேண்டும்.

பதில் 2: போலீஸ் வழக்கு எண் இல்லாமல் இன்சூரன்ஸ்காரர் பேசவே மாட்டார். கேமராவைப் பாலிசியில் தனியாக எழுதினீர்களா? பழைய பொருள் கடைகளுக்கும் கேமராவின் சீரியல் எண்ணைக் கொடுங்கள். 2009 பழைய பொருள் சட்டப்படி விற்பவர் விவரத்தை அவர்கள் பதிவேட்டில் எழுத வேண்டும். அப்புறம், உங்கள் மனைவியைக் கொஞ்ச நாள் தனியாக விடாதீர்கள்.

கேட்டவர்: காவடித் திருவிழாவில் எடுத்த படத்தில் சீரியல் எண் கிடைத்தது! பாலிசியில் எழுதவில்லை. ஜன்னலுக்கு இன்று வெல்டர் வருகிறார்.