இங்கிலாந்துக்கு நர்ஸாக வருகிறவர்களுக்கு: ஆஸ்கி முடிந்த பிறகு வார்டில் என்ன காத்திருக்கிறது

தமிழ்நாட்டிலிருந்து ஸ்டாஃப் நர்ஸாக வரப்போகும் தங்கைகளும் தம்பிகளும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அக்கா, ஆஸ்கிக்கு எப்படித் தயாராவது?" ஆஸ்கி என்பது இங்கே நர்ஸாகப் பதிவு பெறச் செய்து காட்ட வேண்டிய செய்முறைத் தேர்வு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆஸ்கி கொஞ்ச நாளில் முடிந்துவிடும். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் வார்டில் நிற்க வேண்டும். அதைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு நிறைய இருக்கிறது. நான் திருநெல்வேலிப் பக்கம் பி.எஸ்ஸி. நர்சிங் படித்து, அங்கே தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். இப்போது வடமேற்கு லண்டனில் முதியோர் வார்டில் இருக்கிறேன்.

ஆஸ்கியில் 10 ஸ்டேஷன்கள், அதாவது தனித்தனிச் சோதனைகள். நான்கு, ஒரே நோயாளியை வைத்து: மதிப்பிடுவது, திட்டமிடுவது, செய்வது, மறுபடி மதிப்பிடுவது. நான்கு கைத்திறன். மீதி இரண்டும் எழுத்து. ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு உண்டு. படிப்பு போதாமல் கோட்டைவிடுகிறவர்களைவிட, கை கழுவ மறந்தவர்கள், மருந்துக்கு முன் பெயர், பிறந்த தேதி, கைப்பட்டை, அலர்ஜி இதையெல்லாம் கேட்காமல் போனவர்கள் அதிகம். செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யப் பழகுங்கள். நம் ஊரில் அது வழக்கமில்லை, அதனால் கூச்சமாக இருக்கும். வீட்டில் தலையணையை நோயாளியாக வைத்துப் பேசிப் பாருங்கள். நர்ஸுகளைப் பதிவு செய்யும் அமைப்பான என்.எம்.சி. தரும் பதிவு எண் (PIN) வரும்வரை நீங்கள் பதிவுபெற்ற நர்ஸ் இல்லை. அந்த இடைக்காலத்தில் "ஊரில் நான் ஐ.சி.யூ. இன்சார்ஜ்" என்று நினைத்துக்கொண்டு மருந்தில் கை வைக்காதீர்கள்.

இனி வார்டுக்கு வருகிறேன்.

நம் ஊரில் நோயாளியோடு ஒரு அட்டெண்டர் இருப்பார். மகளோ மனைவியோ மருமகளோ, யாராவது ஒருவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பார். சோறு ஊட்டுவது, உடம்பு துடைப்பது, சேலை மாற்றுவது எல்லாம் அவர் வேலை. பெட்பேன் வைக்க ஆயாம்மா. நர்ஸுக்கு ஊசி, டிரிப், சார்ட், டாக்டரோடு ரவுண்ட்ஸ். இங்கே வார்டில் இரவு அட்டெண்டர் என்று யாரும் கிடையாது. பகலில் பார்வையாளர் வந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டுப் போய்விடுவார்கள். சிலருக்கு வாரக்கணக்கில் யாருமே வருவதில்லை. குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, பல்செட் கழுவுவது, ஊட்டுவது எல்லாம் பராமரிப்பு உதவியாளரான எச்.சி.ஏ.வும் நர்ஸும் சேர்ந்து செய்யும் வேலை.

புதிதாக வருகிறவர்களில் சிலருக்கு இது மனதைக் கஷ்டப்படுத்துகிறது. "நாலு வருஷம் படித்தது இதற்கா?" என்று ஓய்வறையில் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நோயாளியை முழுசாகப் பார்க்கக் கிடைக்கிற ஒரே நேரம் காலையில் உடம்பு துடைக்கும் நேரம்தான். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறதா, குதிகால் மெத்தென்று ஆகிவிட்டதா, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா, நேற்று தானாகப் புரண்டவர் இன்று புரளும்போது மூச்சு வாங்குகிறாரா, நேற்று பெயர் சொன்னவர் இன்று முழிக்கிறாரா. இதெல்லாம் கம்ப்யூட்டரில் தெரியாது. உங்கள் நாலு வருஷப் படிப்பு வேலை செய்கிற இடம் அதுதான்.

இந்த நாட்டில் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2005-க்கும் 2009-க்கும் இடையில் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பாரில்லாமல் கிடந்தார்கள். அழுக்குப் படுக்கையிலேயே விடப்பட்டவர்கள், எட்டாத தூரத்தில் தண்ணீர் வைக்கப்பட்டவர்கள் என்று குடும்பங்கள் சாட்சி சொன்னார்கள். ராபர்ட் ஃபிரான்சிஸ் நடத்திய பொது விசாரணையின் அறிக்கை 2013 பிப்ரவரியில் வந்தது. அங்கே நர்ஸுகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள். ஆனால் ஆட்கள் போதவில்லை. பார்த்தவர்களில் பலர் சொல்லவில்லை. சொன்ன சிலரின் பேச்சு எடுபடவில்லை. தவறு நடந்தால் நோயாளியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற சட்டக் கடமை, ஊழியர்கள் பயமில்லாமல் குறை சொல்ல மருத்துவமனைதோறும் ஒரு பொறுப்பாளர், இவையெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. கட்டில் பக்கம் போகும்போதெல்லாம் தண்ணீர் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா, அழைப்பு மணி கையில் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இது இப்போது கண் சிமிட்டுவது போல ஆகிவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் சிவப்பு தட்டு வந்தால் அந்த நோயாளிக்கு ஊட்ட உதவி வேண்டும் என்று அர்த்தம். பல மருத்துவமனைகளில் இந்த வழக்கம் உண்டு. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு டீயில்கூட திக்னர் (கெட்டியாக்கும் பொடி) கலக்க வேண்டும். எவ்வளவு கெட்டி, எந்த லெவல் என்று தலைமாட்டில் எழுதியிருக்கும், பார்க்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். அப்புறம், காலையில் முதல் வேலையாகக் கண்ணாடியையும் காது மெஷினையும் தேடி எடுத்து மாட்டிவிடுங்கள். "குழப்பமாக இருக்கிறார், ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவரில் சொல்லப்பட்ட எத்தனையோ பேருக்குக் காது மெஷின் டிராயரில்தான் கிடந்திருக்கிறது.

யாரையும் கையால் தூக்காதீர்கள். ஊரில் இரண்டு பேர் பெட்ஷீட்டோடு இழுத்துவிடுவோம். இங்கே அதற்கு ஹாய்ஸ்ட் (ஆளைத் தூக்கும் கருவி), ஸ்லைட் ஷீட் (வழுக்கி நகர்த்தும் விரிப்பு) எல்லாம் இருக்கிறது. 1992-ல் இருந்தே இதற்கென்று தனி விதிமுறை உண்டு. அவசரத்தில் தூக்கிவிட்டு இருபத்தெட்டு வயதில் முதுகு போனவர்களை எனக்குத் தெரியும். ஹாய்ஸ்ட் எடுத்துவர ஐந்து நிமிடம் ஆகட்டும்.

அடுத்தது பேச்சு. இதுதான் நம் பிள்ளைகளுக்கு மிகவும் கஷ்டமான பாடம்.

பெரிய டாக்டர் வந்தால் எழுந்து நின்று, கேட்டால் மட்டும் பதில் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதை மரியாதை என்று கற்றோம், அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இங்கே நீங்கள் அமைதியாக இருந்தால் "இந்த நோயாளி நன்றாக இருக்கிறார்" என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, நினைவு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டி வருவது நியூஸ்2 ஸ்கோர்; ஏற ஏற நோயாளியின் நிலை மோசம். மொத்தம் 5 வந்தால் டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசரம். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு, ஏற்கெனவே இரண்டு தடவை கூப்பிட்ட டாக்டரை மூன்றாவது தடவை கூப்பிடும்போதுதான் நம் கை தயங்குகிறது. தயங்காதீர்கள்.

என்ன சொல்வதென்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "நான் இன்ன வார்டு நர்ஸ். இன்ன நோயாளிக்கு ஸ்கோர் 3-ல் இருந்து 7-க்கு ஏறிவிட்டது. நிமோனியாவோடு நேற்று வந்தவர். எனக்கு செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) சந்தேகம். நீங்கள் பதினைந்து நிமிடத்துக்குள் வந்து பார்க்க வேண்டும், அதுவரை நான் என்ன செய்யட்டும்?" நிலவரம், பின்னணி, உங்கள் கணிப்பு, உங்கள் கோரிக்கை. இந்த நான்கும் சேர்ந்த பேச்சு முறைதான் எஸ்பார் (SBAR). நம்மில் பலர் முதல் இரண்டை அழகாகச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். கடைசி இரண்டையும் வாயால் சொல்லியாக வேண்டும். டாக்டர் வரவில்லையென்றால் அவருக்கு மேலே இருப்பவர், அல்லது வார்டுக்கே வந்து பார்க்கும் தீவிர சிகிச்சைக் குழுவான கிரிட்டிகல் கேர் அவுட்ரீச் டீம். இதயம் நின்றால் மருத்துவமனைக்குள் 2222. இந்த எண்ணை விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண் 2021-ல் செப்சிஸால் இறந்தாள். மகளின் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நேரத்தோடு ஐ.சி.யூ.வுக்கு மாற்றியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று மரண விசாரணையில் தெரிந்தது. அவள் பெயரில் 2024-ல் இருந்து இங்கிலாந்து மருத்துவமனைகளில் "மார்த்தாவின் விதி" வருகிறது. கவலைப்படும் குடும்பத்தினரும் ஊழியர்களும் வேறொரு குழுவை உடனே வந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஒரு மகள் "அப்பா இன்னைக்கு வேற மாதிரி இருக்கார்" என்று சொன்னால், ஸ்கோர் 1 என்றாலும் போய் உட்கார்ந்து பாருங்கள். அவரை அறுபது வருஷமாகத் தெரிந்த கண்கள் அந்தக் குடும்பத்துக்குத்தான் உண்டு.

கட்டில் பக்கம் போனதும் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கேட் கிரேஞ்சர் என்று ஒரு முதியோர் நல டாக்டர். புற்றுநோய் வந்து அவரே நோயாளியாகப் படுத்திருந்தபோது, வந்து போன பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று கவனித்து, 2013-ல் "ஹலோ, மை நேம் இஸ்" இயக்கத்தைத் தொடங்கினார். 2016-ல் இறந்துவிட்டார். அந்த வாசகம் எழுதிய பேட்ஜை நிறையப் பேர் குத்தியிருப்பதைப் பார்ப்பீர்கள். உங்கள் பெயர் நீளமென்றால் நீங்களே சுருக்கிச் சொல்லுங்கள், ஆனால் யாரோ வைக்கும் பெயருக்குத் தலையாட்ட வேண்டாம். அவர்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்றும் கேளுங்கள். "பாட்டி", "தாத்தா" என்பது நமக்குப் பாசம். இங்கே சிலர் முழுப் பெயரோடுதான் கூப்பிட வேண்டும் என்பார்கள், சிலர் முதல் பெயர் போதும் என்பார்கள்.

நோயாளியிடம் எதை மறைப்பது என்பதிலும் பெரிய வித்தியாசம். "அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லாதீங்க சிஸ்டர்" என்று ஊரில் மகன் தனியாக வந்து கேட்பார், நாமும் சொல்ல மாட்டோம். இங்கே தகவல் நோயாளிக்குச் சொந்தம். அவர் சம்மதமில்லாமல் மகனுக்கு போனில் ரிப்போர்ட் சொன்னால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். நல்ல நினைவோடு இருக்கும் ஒருவர் சிகிச்சை வேண்டாம் என்றால், அது தவறான முடிவென்று உங்களுக்குத் தோன்றினாலும் அது அவர் உரிமை. தானே முடிவெடுக்கும் திறன் பற்றிய 2005-ஆம் ஆண்டின் மென்டல் கெப்பாசிட்டி சட்டத்தை ஒரு தடவை பொறுமையாகப் படியுங்கள். இதயம் நின்றால் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி உயிர்மீட்கும் முயற்சி) வேண்டாம் என்ற படிவத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். அது சி.பி.ஆர்.-க்கு மட்டும்தான். ஆண்டிபயாட்டிக், டிரிப், சாப்பாடு, வலிக்கு மருந்து எதுவும் அதனால் நிற்காது.

முதியோர் வார்டு என்றால் சாவும் அடிக்கடி வரும். யாருமில்லாமல் போகும் ஒருவர் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார முடிந்தால் உட்காருங்கள். மற்ற வேலையைப் பார்த்துக்கொள்ளும்படி சக நர்ஸிடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். அதற்கப்புறம் வீட்டுக்குப் போய் யாரிடமாவது பேசுங்கள், பெயரும் விவரமும் இல்லாமல். மனதில் பூட்டி வைத்துக்கொண்டு அடுத்த ஷிஃப்டுக்கு வராதீர்கள்.

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் வேலை கிடைத்தால் ஈழத்துப் பெரியவர்களைப் பார்ப்பீர்கள். டிமென்ஷியா (மறதி நோய்) முற்றும்போது பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் போய்விட்டு, தமிழ் மட்டும் நிற்பது உண்டு. சாப்பிட மறுத்துக்கொண்டிருந்த அம்மா, "கொஞ்சம் சாப்பிடுறீங்களாம்மா" என்று தமிழில் கேட்டதும் வாய் திறந்ததை நான் பார்த்திருக்கிறேன். தாராளமாகப் பேசுங்கள். ஆனால் ஆபரேஷன் சம்மதம், நோய் விவரம் போன்றவற்றுக்கு நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். அதற்கு முறையான மொழிபெயர்ப்பாளரை போனில் கூப்பிட வேண்டும். வேறு நோயாளியின் தலைக்கு மேலே நாம் இருவர் தமிழில் பேசிக்கொள்வதும் வேண்டாம். தன்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று படுத்திருப்பவர் பயப்படுவார்.

நிறத்தைச் சொல்லித் திட்டும் நோயாளிகளும் உண்டு. டெலிரியத்தில் (நோயால் திடீரென வரும் மனக்குழப்பத்தில்) இருப்பவர் பேசுவது வேறு, தெளிந்த புத்தியோடு பேசுவது வேறு. இரண்டையும் பதிவு செய்யுங்கள், இரண்டாவதை மேனேஜரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். பொறுத்துப் போவது உங்கள் வேலையில் சேர்ந்ததல்ல.

பணம் பற்றிச் சுருக்கமாக. சம்பள அடுக்கில் நீங்கள் பேண்ட் 5. வாரம் 37.5 மணி நேரம், ஆண்டுக்கு 27 நாள் விடுப்பு, அதோடு 8 பொது விடுமுறை. சனிக்கிழமைக்கும் இரவுக்கும் 30 சதவீதம், ஞாயிறுக்கும் பொது விடுமுறைக்கும் 60 சதவீதம் கூடுதல். முதல் பே ஸ்லிப்பில் எமர்ஜென்சி டாக்ஸ் கோடு (தற்காலிக வரிக் குறியீடு) இருந்தால் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.க்கு போன் செய்யுங்கள். மாதம் கொஞ்சம் அதிகம் கையில் வரும் என்று பென்ஷனை விட்டு விலகாதீர்கள். இன்னொன்று, ஒப்பந்தத்தில் "சீக்கிரம் விலகினால் இவ்வளவு திருப்பித் தர வேண்டும்" என்று இருக்கிறதா பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வேலை வாங்கித் தர உங்களிடம் பணம் கேட்கும் ஏஜென்சி, இந்நாட்டு ஆட்சேர்ப்பு நெறிமுறையை மீறுகிறது. அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வந்த வாரமே ஆர்.சி.என். அல்லது யூனிசன் சங்கத்தில் சேருங்கள்.

குளிர்காலத்தில் இருட்டில் போய் இருட்டில் திரும்புவீர்கள். நம் தோலுக்கு இங்கே வெயில் போதாது, வைட்டமின் டி தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு வையுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்.எம்.சி. பதிவைப் புதுப்பிக்க 450 மணி நேரப் பணி, 35 மணி நேரக் கற்றல், அதோடு ஐந்து அனுபவக் குறிப்புகள் எழுதித் தர வேண்டும். நோயாளியின் பெயரோ கட்டில் எண்ணோ இல்லாமல், ஷிஃப்டில் என்ன நடந்தது, என்ன கற்றேன், அடுத்த தடவை என்ன செய்வேன் என்று நாலு வரி போதும்.

தம்பி ஒருவர் பெட்டியில் என்ன வைப்பது என்று கேட்டிருந்தார். மசாலாப் பொடி, குக்கர் எல்லாம் இங்கே வெம்பிளியிலும் டூட்டிங்கிலும் கிடைக்கும். உங்கள் தடுப்பூசிச் சான்றுகளை மட்டும் மறக்காதீர்கள்: ஹெப்பட்டைட்டிஸ் பி ஆன்டிபாடி ரிப்போர்ட், எம்.எம்.ஆர்., சின்னம்மை, காசநோய்ப் பரிசோதனை. இவை இல்லையென்றால் ஊழியர் உடல்நலம் பார்க்கும் ஆக்குபேஷனல் ஹெல்த் பிரிவு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும், வார்டில் கால் வைக்கத் தாமதமாகும். அந்தக் கோப்பைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போட வேண்டாம்.